சீக்வென்ஸ் ஆட்டத்தில் செத்த சீட்டு: வழக்கமாக எங்கே கோட்டை விடுகிறோம்

கையில் உள்ள சீட்டை இறக்கி, பலகையில் அதே சீட்டு அச்சிட்ட கட்டத்தில் காய் வைத்து, ஐந்து காயை ஒரே வரிசையில் சேர்ப்பதுதான் சீக்வென்ஸ். அதற்கான கட்டம் எல்லாம் காயால் நிரம்பி, இறக்க இடமில்லாமல் கையில் தங்குவது செத்த சீட்டு. பலகையில் ஜாக்கியைத் தவிர ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு கட்டம் உண்டு. ஆடுவதும் இரண்டு கட்டுச் சீட்டில், மொத்தம் 104. சீட்டும் இரண்டு, அதற்கான கட்டமும் இரண்டு. இப்படிக் கணக்கு சரியாக இருக்கும்போது, கையில் உள்ள சீட்டுக்கு இடமே இல்லாமல் எப்படிப் போகும்?

எல்லாம் ரெண்டு கண் ஜாக்கியின், அதாவது படத்தில் இரண்டு கண்ணும் தெரியும் ஜாக்கியின் வேலைதான். கிளாவர் ஜாக்கியையும் டைமண்ட் ஜாக்கியையும் எந்தக் காலிக் கட்டத்திலும் இறக்கலாம். ஆட்டின் (ஹார்ட்ஸ்) 8 கட்டம் ஒன்றில் ஒருவர் ஜாக்கியைக் கொண்டு காய் வைத்துவிட்டால் மிச்சம் ஒரே கட்டம். இரண்டு ஆட்டின் 8-ல் முந்தி இறங்குவது அங்கே உட்காரும், பிந்தியது செத்துப் போகும். ரெண்டு கண் ஜாக்கி மொத்தம் நான்குதான். எனவே கட்டு ஒருமுறை தீரும்வரை மேசையில் நான்கு சீட்டுக்கு மேல் சாக வழியில்லை. இந்தக் கணக்கு பிடிபட்டால், ஜாக்கி இறங்கும் கட்டத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும், பலகை முழுவதையும் துழாவ வேண்டாம். ஜாக்கி ஆட்டின் 8-ல் விழுந்த அந்த நொடியே கையில் ஆட்டின் 8 இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் தன் கையில் இருக்கும் சீட்டின் கட்டத்திலேயே ஜாக்கியைச் செலவழிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்வது!

இனி விதி. உங்கள் முறை வந்ததும், "செத்த சீட்டு" என்று சொல்லிப் போட்டுவிட்டு ஒரு புதுச் சீட்டு எடுக்கலாம். அதன் பிறகு வழக்கம்போல ஆடலாம். ஒரு முறைக்கு ஒன்றுதான் மாற்றலாம். வந்த சீட்டும் செத்ததாக இருந்தால் அடுத்த சுற்று வரை பொறுக்க வேண்டும். செத்ததைப் போடுவதையே ஓர் ஆட்டமாகக் கணக்கு வைத்து அடுத்தவருக்கு முறையைத் தள்ளும் வீடுகளும் இருக்கின்றன. அதனால்தான் பலர் மாற்றவே தயங்குகிறார்கள். அட்டையில் உள்ள விதிப்படி இந்த மாற்றத்துக்கு எந்த நஷ்டமும் கிடையாது. நான்கு பேர் ஆடினால் கையில் ஆறு சீட்டு. அதில் ஒன்று செத்துக் கிடந்தால் நீங்கள் ஆடுவது ஐந்தை வைத்துத்தான். எதிராளிக்கு ஆறு. கட்டில் இன்னும் ஜாக்கிகள் மிச்சம் இருக்கும்போது இலவசமாக ஒரு சீட்டு கிடைப்பதை யார் விடுவார்கள்?

முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் ஆட வேண்டும். வேறொரு சீட்டை இறக்கிக் காயும் வைத்தபின், கையில் இருப்பதைப் பார்த்து "அய்யோ, இது செத்தது" என்றால் அந்தச் சுற்று போயிற்று. மாற்றிய சுற்றில் இரண்டு தடவை சீட்டு எடுக்க வேண்டும் என்பதும் பலருக்கு மறந்துபோகிறது: செத்ததற்குப் பதில் ஒன்று, ஆடி முடித்தபின் ஒன்று. "நான்தான் எடுத்துட்டேனே" என்று இரண்டாவதை விட்டுவிடுவார்கள். அடுத்தவர் ஆடித் தன் சீட்டையும் எடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆட்டம் முடியும்வரை ஒரு சீட்டு குறைவாகவே ஆட வேண்டியதுதான்.

இப்போது, மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே சந்தர்ப்பம். கையில் செத்த ஆட்டின் 8 இருக்கிறது, கூடவே ஒத்தைக் கண் ஜாக்கி, அதாவது இஸ்பேட் அல்லது ஆட்டின் ஜாக்கியும் இருக்கிறது. 8-ன் இரண்டு கட்டத்தில் ஒன்று உங்கள் வரிசையின் நடுவே எதிராளியின் காயோடு நிற்கிறது. ஒத்தைக் கண் ஜாக்கியை இறக்கி அந்தக் காயை எடுத்துவிடுங்கள். அதே முறையில் அங்கே உங்கள் காயை வைக்க விதி இடம் தராது. பதற வேண்டாம். ஒரு ஆட்டின் 8 ஏற்கெனவே இறங்கியாயிற்று, மற்றது உங்கள் கையில். ரெண்டு கண் ஜாக்கி வைத்திருப்பவரைத் தவிர வேறு யாராலும் அந்த இடத்தைத் தொட முடியாது. அடுத்த முறை வரும்போது செத்த சீட்டு உயிரோடு இறங்கும். எடுக்க நினைக்கும் காய் முடிந்துபோன ஐந்து காய் வரிசைக்குள் இருந்தால் மட்டும் இது செல்லாது, அதை யாரும் அசைக்க முடியாது. இந்த ஜோடி கையில் இல்லாமல், "எப்பவாவது உதவும்" என்று செத்த சீட்டைப் பொத்தி வைப்பது வீண்.

செத்த சீட்டும் உபயோகமில்லாத சீட்டும் ஒன்றல்ல. கிளாவர் 3-க்கு எங்கோ ஒரு காலிக் கட்டம் இருந்தால், அங்கே உங்களுக்கு எந்த வரிசையும் இல்லாவிட்டாலும் அது உயிருள்ள சீட்டுதான், மாற்ற முடியாது. பலகையில் ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றைத் தேடாமல் "செத்துப்போச்சு" என்று அறிவித்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

அணியாக ஆடும்போது கூட்டாளியிடம் "உன்கிட்ட ஆட்டின் 8 இருந்தா போட்டுடு" என்று சொல்லக் கூடாது. கண்ஜாடையும் அதே கதைதான். விதிப்படி, அப்படிக் குறிப்புக் கொடுத்த அணியில் ஒவ்வொருவரும் ஒரு சீட்டை இழக்க வேண்டும். மாமா, அத்தை, பேரன் என்று மூன்று பேர் அணியில் இருந்தால் மூன்று சீட்டு காலி.

கட்டு தீர்ந்து, போட்ட சீட்டுகளைக் கலைத்து மறுபடி வைத்தபின் நான்கு என்ற கணக்கு செல்லாது. இறங்கிய சீட்டுகளே திரும்பி வரும், அவற்றின் கட்டங்களோ காயோடு இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு சீட்டை எடுக்கும்போதும் இரண்டு கட்டத்தையும் பார்த்தாக வேண்டும்.