பாட்டு வராத நாட்களுக்கு 13ஆம் சங்கீதம்

மனசு கனத்துக் கிடக்கும் நாளில் ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராது. அப்போது "சந்தோஷமாக இருக்கணும்" என்று உங்களையே விரட்டாதீர்கள். வேதாகமத்தைத் திறந்து 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம்தான், ஒரு நிமிஷம் போதும்.

முதல் இரண்டு வசனங்களில் தாவீது நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். அங்கே நிறுத்தி, உங்களுடைய "எதுவரைக்கும்" எதுவோ அதைச் சொல்லிவிடுங்கள்: கிடைக்காத வேலை, தீராத கடன், கையில் இருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட். முறையிடுவது விசுவாசக் குறைவு இல்லை. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தானே!

ஐந்தாம் வசனம் "நானோ" என்று திரும்புகிறது: நானோ உம்முடைய கிருபையை நம்புகிறேன் என்கிறார். சூழ்நிலை மாறியதாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை, ஆனாலும் கடைசியில் அவர் பாடுகிறார். நீங்களும் ஞாயிறு பள்ளியில் படித்த ஒரு பாட்டில் ஒரு சரணமாவது மெதுவாகப் பாடுங்கள். பிலிப்பி சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, இயேசுவின் ஊழியர்களான பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். பூமி அதிர்ந்தது அதற்கு அப்புறம்தான்.

அம்மா ஐசியுவில் இருந்தபோது வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தினமும் இதைச் செய்தேன். பல நாள் "நானோ" வரும்போது குரல் உடைந்துவிடும். அப்போதெல்லாம் அக்காவுக்கு போன் போடுவேன். சபையில் வாசிப்பதுபோல் அவள் ஒரு வசனம், நான் ஒரு வசனம்.