யாழ்ப்பாணக் கோட்டையும் கந்தரோடையும்: எதை முதலில் பார்ப்பது?

யாழ்ப்பாணத்தில் பழைய இடங்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே கோட்டைக்குத்தான் போகிறார்கள். உச்சி வெயிலில் மதிலைச் சுற்றிவிட்டு, "உள்ளே ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். கோட்டைப் பீரங்கியையும் கந்தரோடைப் புத்தர் சிலையையும் பார்க்க நாவலர் வீதியிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும். காலையில் அங்கே போய், அடுத்து பழைய பௌத்தத் தூபிகள் உள்ள கந்தரோடை, வெயில் தாழக் கோட்டை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் போதும்.

அருங்காட்சியகம் நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஓட்டோக்காரரிடம் மண்டபத்தின் பெயரையே சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை பூட்டு, போயா (பௌர்ணமி) நாளிலும் அரச விடுமுறையிலும் போவதென்றால் முதல்நாளே விசாரியுங்கள். முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடிக்கலாம். புத்தர் சிலை தலையில்லாத உடற்பகுதிதான். சன்னம் துளைத்த விக்டோரியா மகாராணி படமும் உண்டு. பிள்ளைகள் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனைக்கோட்டையில் அகழ்ந்தெடுத்த, பழைய எழுத்துப் பொறித்த முத்திரையின் அசலைப் பார்க்கலாமென்று மட்டும் வரவேண்டாம். விளக்கங்கள் சுருக்கமானவை, ஆகவே கொஞ்சம் வாசித்துவிட்டு வருவது நல்லது. படமெடுக்குமுன் காவலாளியிடம் கேளுங்கள்.

கந்தரோடை நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் சுன்னாகத்தில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். திரும்புவதற்கு வாகனம் கிடைப்பது அருமை, அதனால் ஓட்டோவை நிற்கச் சொல்லிக் காத்திருப்புக் காசையும் ஏறும்போதே பேசிக்கொள்ளுங்கள். பனைகளுக்கு நடுவே சிறு தூபிகள் கூட்டமாக நிற்கும். பழையவை வட்டமான அடித்தளங்களே. மேலேயுள்ள குவிமாடங்கள் பிற்காலத்தில் தொல்லியல் திணைக்களம் கட்டியவை. அப்படிக் கட்டியதற்கு ஆதாரம் போதாது என்ற விமர்சனம் இன்றும் உண்டு. எனவே குனிந்து அடியைப் பாருங்கள்.

வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் இங்கே அகழ்ந்து 1917இலும் 1919இலும் எழுதியவற்றால்தான் இந்த இடம் வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் தோண்டியபோது கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. பெருங்கற்கால மக்கள் (இறந்தோருக்குப் பெருங்கற்களால் சின்னம் அமைத்த பழங்காலத்தவர்) இங்கே குடியிருந்ததற்குச் சான்று அவை. பலகையில் 'கதுருகொட' என்ற சிங்களப் பெயரையும் காண்பீர்கள். இது தமிழருடைய பௌத்தமா சிங்களவருடைய பௌத்தமா என்ற சர்ச்சை பழையது, அதை அங்கே நிற்பவர்களோடு பேசி முடிக்க முடியாது. தூபிமேல் ஏறுவதோ இருப்பதோ கூடாது; சிக்கலாகிவிடும்.

கோட்டைக்கு நாலு மணிக்குமேல் போங்கள். உள்ளே நிழலில்லை, முருகைக்கல் வெக்கையைத் திருப்பி அடிக்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ரிக்கெற் விலை வேறு. இலங்கை அடையாள அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். போத்துக்கேயர் கட்டியதை 1658இல் பிடித்த ஒல்லாந்தர்தான் இன்றுள்ள ஐங்கோண வடிவில் பெருப்பித்தார்கள். வாயிலில் 1680 என்ற ஆண்டைத் தேடிப் பாருங்கள். உள்ளே கற்குவியலாகக் கிடப்பது 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம், 1990க்குப் பிந்திய சண்டையில் அழிந்தது. அண்மைய அகழ்வுகளில் போத்துக்கேயருக்கு முந்திய மட்பாண்டச் சில்லுகளும் சீனப் பீங்கானும் கிடைத்திருப்பதால், 'வெள்ளைக்காரன் கோட்டை' என்பது பாதிக் கதைதான். மதில்மேல் பல இடங்களில் கைபிடிச்சுவர் இல்லை, பிள்ளைகளைக் கடலேரிப் பக்கம் ஓடவிடாதீர்கள். செருப்பைவிடச் சப்பாத்து நல்லது. ட்ரோன் பறக்கவிட முன்அனுமதி வேண்டும்.

இன்னொன்று. கந்தரோடையில் மழைக்குப் பிறகு காலடியிலேயே ஓட்டுத்துண்டு தென்படலாம். ஞாபகத்துக்கென்று எடுத்துப் பையில் போடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய தொல்பொருளை உரிமமில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஏட்டுச்சுவடியும் இதற்குள் வரலாம். கொண்டுபோக நினைத்தால் வந்த கிழமையிலேயே தொல்லியல் திணைக்களத்தில் விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு முதல்நாள் போய் நின்றால் நடக்காது.