கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் கார்த்தகேனா: ரோமானியச் சின்னங்களை நடந்தே காணும் முறை

மத்தியதரைக் கடலில் சொகுசுக் கப்பலில் செல்பவர்கள் ரோமானியச் சின்னங்களைக் காண விரும்பினால், பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து ரயிலோ பேருந்தோ பிடித்தாக வேண்டும். ரோம் நகருக்கான துறைமுகமாகிய சிவித்தாவெக்கியாவே அந்நகரிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. போக வர ஆகும் நேரத்தைக் கழித்தால், பார்ப்பதற்குக் கையில் எஞ்சுவது கொஞ்சம்தான். ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில், முர்சியா மாநிலத்தில் உள்ள கார்த்தகேனா அப்படிப்பட்டதன்று. கப்பல் நிற்குமிடத்திலிருந்து பழைய நகரின் வாயிலுக்குப் பத்து நிமிட நடை போதும். முதன்முறையாகக் கப்பற்பயணம் செல்பவர்கள் வழிகாட்டியும் வண்டியும் இல்லாமல் தாங்களே சுற்றிப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊரை நான் சொல்ல மாட்டேன். கீழே உள்ள வழி மூன்று கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் வரும்.

படி 1: ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்ய வேண்டியவை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஸ்பெயினில் இறங்க ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான நுழைவனுமதி) வேண்டும். உங்கள் கப்பல் இடையில் அந்த நாடுகளுக்கு வெளியே உள்ள மொராக்கோவுக்குச் சென்று திரும்புமானால், ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. பல முறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தோடு கப்பலின் முழுப் பயண வழியையும் இணைத்தால், அது ஏன் தேவை என்பது தானாகவே விளங்கும்.

அடுத்து, கப்பல் நிற்பது எந்தக் கிழமை என்று பாருங்கள். ரோமானிய நாடக அரங்கத்தின் அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். ஞாயிறன்று பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். ஏனைய சின்னங்களின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்னர் அவற்றின் இணையதளத்தில் சரிபார்த்து, பல இடங்களுக்கும் சேர்த்துத் தரப்படும் கூட்டுச் சீட்டு உங்களுக்கு இலாபமா என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வரைபடத்தைத் தரவிறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கொலம்பியாவிலும் இதே பெயரில் ஒரு துறைமுக நகரம் உண்டு.

படி 2: நேரத்தைப் பின்னிருந்து எண்ணுதல்

கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இறங்கும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, கப்பல் நேரத்தையே உங்கள் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கப்பட்ட புறப்பாட்டுக்கு முன்னரே, வழக்கமாக அரை மணி நேரம் முன்னதாக, எல்லோரும் ஏறிவிட வேண்டும். அந்த நேரத்திலிருந்து மேலும் ஒரு மணி நேரத்தைக் கழித்து, அதுவே நீங்கள் துறைமுகத்துக்குத் திரும்பும் நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாகவே ஊர் சுற்றப் போகும்போது, தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

இதிலிருந்துதான் இந்த நடையின் அடிப்படை விதி பிறக்கிறது: தொலைவில் இருப்பதை முதலில் பாருங்கள், கப்பலுக்கு அருகில் இருப்பதைக் கடைசியில் பாருங்கள். கார்த்தகேனாவில் இந்த விதிக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்த வழியில் கப்பலிலிருந்து மிகத் தொலைவில் உள்ளதே காலத்தால் மிகப் பழையது. அருகில் உள்ள அரங்கமோ பிந்தியது. ஆகவே கால்நடையாகத் திரும்பும் வழியே வரலாற்றின் வரிசையாகவும் அமைந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் இறங்கியதும் நேராக அரங்கத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த அரங்கம் எந்த நகரத்தின் மேல் எழுந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

கப்பல் அட்டை, கடவுச்சீட்டின் நகல், தண்ணீர், தொப்பி, அடிப்பாகம் வழுக்காத காலணி ஆகியவை போதும். நகரின் முதன்மைத் தெருவில் பளிங்கு பாவியிருப்பதால், காலணியைப் பற்றிச் சொல்வதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 3: பியூனிக் மதில்

துறைமுகத்திலிருந்து வெளியே வந்ததும், 18ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கார்லோஸ் மன்னர் காலத்தில் எழுப்பப்பட்ட நீண்ட கடல்மதில் கண்ணில் படும். அதை இடப்புறமாக வைத்துக் கிழக்கு நோக்கி நடந்து, பஸ்தரேச்சே சதுக்கத்தை அடைந்து, சான் தியேகோ தெருவுக்குள் திரும்புங்கள். அங்கே புதிய கட்டடம் ஒன்றினுள் பாதுகாக்கப்பட்டிருக்கிறது பியூனிக் மதில்.

இந்த ஊரை நிறுவியவர்கள் ரோமானியர்கள் அல்லர். அவர்களுடைய பெரும் பகைவர்களான, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தைச் சேர்ந்த கார்த்தேஜியர்கள்; பியூனிக் என்பது அவர்களைக் குறிக்கும் சொல். கி.மு. 227 வாக்கில் ஹஸ்துருபல் என்ற தளபதி இதைத் தோற்றுவித்தார். கார்த்தேஜியத் தளபதி ஹானிபல், ரோமைத் தாக்க ஆல்ப்ஸ் மலையைக் கடக்கப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். நீங்கள் இப்போது பார்க்கும் மணற்கல் மதில் அந்தத் தலைமுறையினர் கட்டியது. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இரண்டு சுவர்களும், அவற்றை அறைகளாகப் பிரிக்கும் குறுக்குச் சுவர்களும் இருப்பதைக் கவனியுங்கள். மதில் என்றால் ஒற்றைச் சுவர் என்று எண்ணி வருபவர்கள், உள்ளே ஆட்கள் புழங்க இடமுள்ள ஒரு நீண்ட கட்டடத்தைக் காண்பார்கள்.

கி.மு. 209இல், ஏறத்தாழ இருபத்தைந்து வயதே ஆன ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ இந்நகரைக் கைப்பற்றினார். அந்நாளில் நகரின் வடபுறம் ஆழமற்ற காயல் ஒன்று இருந்தது. படைகள் வாயிலில் மோதிக்கொண்டிருந்தபோது காயலின் நீர்மட்டம் இறங்கியது. ஒரு பிரிவு அதில் நடந்து கடந்து, காவலற்ற மதிலில் ஏணி சார்த்தி ஏறியது. கடல் தெய்வமான நெப்டியூன் தமக்குக் கனவில் உதவி வாக்களித்ததாக ஸ்கிப்பியோ வீரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததைப் பொலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காயல் இன்று தூர்ந்து, அதன் மேல் நகரம் பரந்திருக்கிறது.

இதே கட்டடத்தில் பிற்காலத்துச் சமாதி அறை ஒன்றும் இருக்கிறது. அதன் சுவரில் ஆடும் எலும்புக்கூடுகளின் ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் முன்பே அறிந்திருப்பது நல்லது.

படி 4: ஃபோர்துனாவின் இல்லம்

சான் தியேகோ தெருவில் மேற்கே நடந்து, மெர்சேத் சதுக்கத்தைக் கடந்து, தூக்கே தெரு வழியாக ரிசுவேன்யோ சதுக்கத்துக்கு வாருங்கள். தரைமட்டத்துக்குக் கீழே, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த வீடு ஒன்றின் அறைகளும் அதை ஒட்டிச் சென்ற தெருவும் இருக்கின்றன. நல்லூழ் தேவதையை அழைக்கும் 'ஃபோர்துனா ப்ரொபிதியா' என்ற எழுத்துகள் தரையில் பதிக்கப்பட்டிருந்ததால் வீட்டுக்கு இந்தப் பெயர் வந்தது. இருபது நிமிடம் போதும். மூடியிருந்தால் வருந்தாமல் அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள்.

படி 5: மொலினெத்தே குன்றின் அடிவாரத்து மன்றம்

சான் ஃபிரான்சிஸ்கோ சதுக்கத்தைத் தாண்டி ஹோந்தா தெருவுக்கு வந்தால், மொலினெத்தே குன்றின் சரிவில் பெரிய கூரையின் கீழ் அகழ்வாய்வுத் தளம் விரிகிறது. ரோமானிய நகரின் பொதுவாழ்வு நடந்த இடம் இது. வெந்நீர்க் குளியற்கூடம், முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த விருந்துக் கட்டடம், எகிப்தியத் தெய்வங்களான ஐசிஸுக்கும் செராபிஸுக்கும் உரிய கோயில் வளாகம் ஆகியவை அடுத்தடுத்து இருக்கின்றன.

குளியற்கூடத்தில் நின்று தரையைப் பாருங்கள். சிறிய செங்கல் தூண்களின் மேல் தளம் தாங்கப்பட்டு நிற்கும். அந்த இடைவெளியில் உலையின் வெப்பக் காற்று பாய்ந்து மேலிருந்த அறையைச் சூடாக்கியது. விருந்துக் கட்டடத்தின் அறைச் சுவர்களில் வண்ணப்பூச்சு இன்றும் ஒட்டியிருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் தீப்பற்றி இடிந்து விழுந்தபோது, அந்த இடிபாடுகளே சுவர்களை மூடிக் காத்துவிட்டன.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்ப்பது பொருத்தம். நகரை அடுத்த மலைகளில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. அங்கே 40,000 பேர் உழைத்தார்கள் என்றும், ரோமானிய அரசுக்கு நாளொன்றுக்கு 25,000 திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) கிடைத்தது என்றும் பொலிபியஸ் கூறியதை, பண்டைய புவியியலாளர் ஸ்திராபோ எடுத்துரைக்கிறார். அழகான சுவர் ஓவியத்தைப் பார்க்கும்போது, அந்த நாற்பதாயிரம் பேரில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்காததை என்னால் மறக்க முடிவதில்லை.

படி 6: ரோமானிய அரங்கம்

மொலினெத்தேயிலிருந்து மாயோர் தெரு வழியே கடலை நோக்கி நடந்தால் நகராட்சி மாளிகை வரும். அதன் எதிரே உள்ள பழைய அரண்மனைதான் அரங்க அருங்காட்சியகத்தின் வாயில். இங்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்; நேரம் குறைந்துவிட்டால் முந்தைய இடங்களில் ஒன்றை விடுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

ரஃபேல் மொனேயோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2008இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகம் உங்களை நேராக அரங்கத்தில் கொண்டு விடுவதில்லை. காட்சிக்கூடங்களையும் நகரும் படிக்கட்டுகளையும் கடந்து மேலே ஏறி, பிறகு நிலத்தடி வழியாகப் பழைய சாந்தா மரியா தேவாலயத்தின் அடியில் நடந்து, திடீரென்று வெயிலில், இருக்கை வரிசைகளின் உயரத்தில் வெளிப்படுவீர்கள். சுமார் 6,000 பேர் அமர்ந்த அரைவட்டம் உங்கள் கால்களுக்குக் கீழே இறங்கிச் செல்லும்.

இது 1988 வரை மண்ணுக்கடியில் இருந்தது என்பதை நம்புவது கடினம். அரங்கின் மேல் சந்தை, சந்தையின் மேல் பைசாந்திய (கிழக்கு ரோமானியப் பேரரசு) காலத்துக் குடியிருப்பு, அதன் மேல் இஸ்லாமியர் காலத்து வீடுகள், பின்னர் மீனவர் தெருக்கள் என்று அடுக்கடுக்காக மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கைவினை மையம் ஒன்று கட்டுவதற்காகத் தோண்டியபோதுதான் தடயம் கிடைத்தது. தேவாலயம் இன்றும் இருக்கை வரிசையின் ஒரு பகுதியை மூடி நிற்கிறது.

கீழே இறங்கி, மேடையின் முன் நின்று இருக்கைகளைப் பாருங்கள். நடுப்பகுதி குன்றின் பாறையிலேயே வெட்டப்பட்டது. ஓரங்கள் கட்டி எழுப்பப்பட்டவை. மேடைக்குப் பின்னே இளஞ்சிவப்புக் கல்தூண்கள் மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளன. அருங்காட்சியகத்தில் உள்ள மூன்று வட்டப் பலிபீடங்களையும் தவறவிடாதீர்கள்: அவற்றில் உள்ள கழுகு ஜூபிட்டருக்கும், மயில் ஜூனோவுக்கும், ஆந்தை மினெர்வாவுக்கும் என்று ரோமானியத் தெய்வங்களுக்கு உரியவை.

தமிழர்களாகிய நாம் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கி.மு. 5க்கும் 1க்கும் இடையில் கட்டப்பட்ட இந்த அரங்கம், பேரரசர் அகஸ்டஸின் பேரர்களும் வளர்ப்பு மகன்களுமான கையஸ், லூசியஸ் ஆகிய இருவருக்கும் உரித்தாக்கப்பட்டது. அவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டுகள் இங்கே கிடைத்துள்ளன. அதே இருவர் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கும் அகஸ்டஸின் வெள்ளிக்காசுதான் தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியப் புதையல்களில் மிகுதியாகக் காணப்படும் வகைகளுள் ஒன்று. மிளகுக்காக நம் கரைக்கு வந்த காசில் இருந்த இளைஞர்கள் இவர்கள். இருவருமே இளமையில் இறந்தார்கள்: லூசியஸ் கி.பி. 2இல், கையஸ் கி.பி. 4இல்.

படி 7: மீந்த நேரம்

ஒரு மணி நேரத்துக்கு மேல் மீதமிருந்தால், கிஸ்பெர்த் தெருவில் உள்ள மின்தூக்கியில் கொன்செப்சியோன் குன்றின் கோட்டைக்கு ஏறுங்கள். திங்கட்கிழமை வந்ததால் அரங்கத்துக்குள் செல்ல முடியாதவர்களுக்கும் இதுவே மாற்று வழி. குன்றின் மேலுள்ள தோரெஸ் பூங்காவிலிருந்து அரங்கம் முழுவதும் கட்டணமின்றித் தெரியும்.

நேரம் அதைவிடக் குறைவானால் மாயோர் தெருவில் அமர்ந்து ஏதாவது அருந்தலாம். இவ்வூரின் பெயர்பெற்ற 'ஆசியாத்திக்கோ' என்ற காப்பியில் கெட்டிப்பாலோடு பிராந்தியும் மதுச்சாறும் சேர்ப்பார்கள். மது வேண்டாதவர்கள் பெயரை மட்டும் பார்த்துக் கேட்டுவிட வேண்டாம்.

கப்பலில் ஏறியதும் மேல்தளத்துக்குச் சென்று ஊரைத் திரும்பிப் பாருங்கள். ஐந்து குன்றுகளுக்கிடையில் இந்நகரம் இருந்ததாகப் பொலிபியஸ் எழுதினார். அவற்றுள் பெரியது, மருத்துவத் தெய்வமான அஸ்கிலெப்பியஸின் கோயில் இருந்ததாக அவர் சொல்வது, அரங்கத்தைத் தாங்கி நிற்கும் கொன்செப்சியோன் குன்று. ஸ்கிப்பியோ நிலவழியே முற்றுகையிட்ட நாளில், அவருடைய நண்பர் லேலியஸ் கப்பற்படையோடு கடற்புறத்தை அடைத்து நின்றார். அந்தக் குன்றை அவரும் நீங்கள் பார்க்கும் இதே பக்கத்திலிருந்துதான் பார்த்தார்.