ஈரல் கறியும் எரித்திரோபொயிற்றின் ஊசியும்: சிறுநீரக நோயாளிக்குக் குருதிச்சோகை வரும்போது

சிறுநீரகக் கிளினிக்குக்குப் போய்வரும் ஒருவரின் ஈமோகுளோபின் 9 என்று அறிக்கையில் வந்தால், கொழும்புத் தமிழ் வீடுகளில் யாராவது ஒருவர் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் அரைக் கிலோ ஆட்டீரல் வாங்கி வந்துவிடுவார். மிளகு போட்டுப் பிரட்டிய அந்த ஈரலில் இரும்பும் விற்றமின் பி12உம் நிறையவே உண்டு. ஆனால் சிறுநீரகம் பழுதானவரிடம் குறைந்துபோவது, செங்குழியங்களை உண்டாக்குமாறு என்பு மச்சையைத் தூண்டும் எரித்திரோபொயிற்றின் என்ற ஓமோன். அது ஒரு புரதம். அதைத் தின்று பெற முடியாது, குடலில் சமிபாடடைந்துவிடும். ஈரலில் பொசுபரசு அதிகம் என்பதால், சிறுநீரகம் பழுதானவர் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஈரலைப் பற்றிய நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இல்லாமலும் இல்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கு இந்த ஓமோனைப் பெரும்பாலும் ஈரலே சுரந்து கொடுக்கிறது. பிறப்பை அண்டிய காலத்தில் அப்பொறுப்பு சிறுநீரகத்துக்கு மாறுகிறது. வளர்ந்தவரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகப் புறணியிலுள்ள உயிரணுக்களும், மிகுதியில் பெரும்பகுதியை ஈரலும் தருகின்றன. ஒட்சிசன் குறைவதை உயிரணுக்கள் எவ்வாறு உணர்ந்து இந்தச் சுரப்பைக் கூட்டுகின்றன என்பதைக் கண்டறிந்த மூவருக்கே 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருப்பினும் சிறுநீரகம் செயலிழக்கும்போது, ஈரல் தன் சிறுபங்கைக் கூட்டி அந்தப் பற்றாக்குறையை நிரப்பிவிடுவதில்லை. ஊசி தேவைப்படுவது இதனால்தான்.

ஊசிக்கு முன்னர் அறிக்கையில் இரும்பின் நிலையைப் பாருங்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினை மட்டும் பார்த்து ஆறுதலடைய வேண்டாம். உடலில் அழற்சி இருந்தால் அது தானாகவே உயரும். குருதியில் இரும்பைக் காவிச்செல்லும் புரதமான திரான்சுபெரினின் நிறைவு வீதம் 20 சதவீதத்துக்குக் கீழிருந்தால், செங்குழியம் கட்டுவதற்கு வேண்டிய இரும்பு மச்சைக்குப் போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். அந்நிலையில் எத்தனை ஊசி போட்டாலும் பலன் குறைவு. இங்கும் ஈரலின் கை இருக்கிறது: அது சுரக்கும் எப்சிடின் என்ற ஓமோன் சிறுநீரக நோயில் உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. குளிசை போதாமல் சிலருக்கு நாளத்தினூடாக இரும்பு ஏற்றுவதும் அதனால்தான். குளிசை தரப்பட்டிருந்தால், அதைப் பிளேன்ரீயுடனோ கல்சியம் குளிசையுடனோ சேர்த்து விழுங்காமல், இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.

ஈமோகுளோபின் 10க்குக் கீழே இறங்கும்போதுதான் வைத்தியர்கள் வழமையாக ஊசியைப் பற்றி யோசிப்பார்கள், அது 11.5ஐத் தாண்ட விடுவதுமில்லை, ஏனெனில் மிகை உயர்வு குருதி உறைவுக்கும் பாரிசவாதத்துக்கும் வழிவகுக்கலாம். ‘இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுங்கோ டொக்டர்’ என்று கேட்பதில் பயனில்லை. பலன் தெரியச் சில வாரங்களாகும். குருதி அமுக்கம் உயரக்கூடும் என்பதால், ஊசி போடும் நாளில் அதை அளந்து கொப்பியில் எழுதிவைப்பது நல்லது. கடும் தலையிடி, நெஞ்சுவலி, ஒரு பக்கம் இழுத்தல், பேச்சுக் குழறல் ஏதும் கண்டால் தாமதியாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

மருந்தகத்தில் ஊசியை வாங்கி 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலுக்குள் வருபவர்கள், பனிக்கட்டி போட்ட சிறு பெட்டியொன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஊசியைத் துவாயில் சுற்றியே உள்ளே வையுங்கள். பனிக்கட்டி நேரடியாகப் பட்டால் உறைந்துவிடும், உறைந்ததைப் பாவிக்கக்கூடாது. எங்கள் வீட்டில் பிறிஜ்ஜின் பின்சுவரோடு ஒட்டிக் கிடந்து ஓர் ஊசி அப்படித்தான் வீணாயிற்று. 2 முதல் 8 பாகை வரை இருக்கும் நடுத்தட்டில், உறையோடு, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்; போடுவதற்குச் சற்று முன்னர் வெளியே எடுத்து, குலுக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள்.