விவியன் லீயின் படங்களை ஊரில் போட்டுக் காட்ட நினைப்பவர்களுக்கு

பழைய இங்கிலீசுப் படமென்றால் எங்கட சனம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காத்தவராயன் கூத்தை விடியும்வரை பாயில் இருந்து பார்த்த ஆட்களுக்கு நாலு மணித்தியாலப் படமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எந்தப் படத்தை முதலில் போடுவது, எந்த இடத்தில் கதை சொல்வது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது, இந்த மூன்றையும் சரியாகச் செய்தால் போதும். வன்னியில் மாங்குளமோ மல்லாவியோ புதுக்குடியிருப்போ, ஒரு சனசமூக நிலையமும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் நாலு சனிக்கிழமைகளில் இங்கிலாந்து நடிகை விவியன் லீ யாரென்று ஊருக்கே காட்டிவிடலாம்.

ஏன் அவர் என்று கேட்பார்கள். இருபது படம்கூட நடிக்காதவர், அதற்குள் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் இரண்டு வாங்கியவர், மேடையைத்தான் தன் முதல் வேலையாக நினைத்தவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றில் அழகைப் பேசுவார்கள், இல்லாவிட்டால் அவருக்கு இருந்த வருத்தத்தை, அதாவது நோயைப் பேசுவார்கள், நடுவில் அவர் செய்த வேலை காணாமல் போய்விடும். அந்த வேலையை முன்னுக்கு வைத்துக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் காலம். காலபோக நெல் வெட்டி முடிந்த பிறகு, மார்ச் மாதமளவில் வைத்துக்கொள்ளுங்கள். நெல் முற்றியிருக்கும்போது வைத்தால் பாதி ஆம்பிளைகள் யானைக் காவலில் நிற்பார்கள். இரவு ஏழு மணிக்கு முன் தொடங்காதீர்கள், சுவரில் படம் வெளிறித் தெரியும். படத்தைவிடச் சத்தம்தான் பெரிய பிரச்சினை, ஏனென்றால் 1939, 40ஆம் ஆண்டுப் படங்களின் ஒலிப்பதிவு மெல்லியது, ஸ்பீக்கரைத் திரைக்கு மேலே கட்டாமல் இருப்பவர்களின் காது உயரத்துக்கு வையுங்கள், ஜெனரேற்றர் ஓடுவதென்றால் நீட்டு வயர் வாங்கிக் கட்டிடத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். லண்டனில் உறவினர் இருந்தால் டிவிடியை அவர்களிடம் சொல்லி எடுப்பிக்கலாம். தமிழ் வசன வரி கிடைப்பது கஷ்டம். அதனால் ஆங்கில வரியைப் பெடியளுக்காக ஓட விட்டு, இங்கிலீசு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரையோ கதை சொல்லத் தெரிந்த ஒருவரையோ மைக்கோடு இருத்துங்கள். அவர் படத்தை முன்கூட்டியே இரண்டு தரம் பார்த்து, எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொல்வது என்று கொப்பியில் எழுதி வைத்திருக்க வேண்டும். விவியனின் முகம் கிட்டத் தெரியும்போது அதற்கு மேலே பேசக்கூடாது. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

முதல் சனிக்கிழமைக்கு எல்லாரும் விவியனின் பெயர்போன படமான கோன் வித் த விண்ட்டைத்தான் எடுப்பார்கள். நீங்கள் எலிபன்ட் வோக்கை எடுங்கள். 1954இல் வந்த படம், தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் யானைகள் காலங்காலமாகத் தண்ணிக்குப் போன வழியை மறித்துப் பங்களா கட்டி வைத்திருப்பார், கடைசியில் யானைகள் அந்தப் பங்களாவுக்குள்ளேயே இறங்கும். வன்னியில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் படத்தின் நாயகி எலிசபெத் டெய்லர். 1953இல் இலங்கைக்கு வந்து நடிக்கத் தொடங்கியவர் விவியன், இங்கே வெளிப்புறக் காட்சிகளை எடுத்துக்கொண்டிருந்தபோதே அவருக்கு வருத்தம் கூடி, ஹொலிவூட்டுக்குப் போன பிறகு நடிக்கவே முடியாமல் போக, டெய்லரை வைத்து முடித்தார்கள். தூரத்தில் எடுத்த சில காட்சிகளை மட்டும் திரும்ப எடுக்கவில்லை, அவற்றில் நடப்பவர் இன்னும் விவியன்தான். சின்னப்பிள்ளைகளிடம் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கட நாட்டு வெயிலில் நின்ற அந்த மனிசி யார் என்ற கேள்வியோடு ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள், அடுத்த கிழமை வருவார்கள்.

அந்த இரவிலேயே வருத்தத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், சுற்றி வளைக்காமல். அவருக்கு இருந்தது இருதுருவ மனநிலைக் கோளாறு. சில நாள் நித்திரை இல்லாத உசார், சில நாள் எழும்ப முடியாத சோர்வு. இன்றைக்கு அதற்கு இருக்கும் மருந்துகள் அவர் காலத்தில் இல்லை. அதோடு 1940களின் நடுவிலிருந்து கசமும் (காசநோய்) இருந்தது. “விசர்” என்ற சொல்லை மைக்கில் யாரும் சொல்ல விடாதீர்கள். போருக்குப் பிறகு எங்கட ஊர்களில் எத்தனை பேர் நித்திரை இல்லாமல் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், இப்படி ஒரு வருத்தத்தோடு ஒருவர் இவ்வளவு வேலை செய்தார் என்று கேட்பது அவர்களில் ஒருவருக்காவது மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகத் துணிவு தரலாம்.

இரண்டாவது சனிக்கிழமை கோன் வித் த விண்ட். தொடங்குமுன் ஐந்து நிமிடத்தில் வாழ்க்கைக் கதை சொல்லலாம். 1913 நவம்பர் 5ஆம் திகதி டார்ஜிலிங்கில் பிறந்தார், விவியன் மேரி ஹார்ட்லி என்பது பெயர், ஆறு வயதில் இங்கிலாந்துக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அங்கே கூடப் படித்த மொரீன் ஓ’சலிவன் பிறகு டார்சான் படங்களில் ஜேனாக வந்தவர், இதைச் சொன்னால் வயதானவர்கள் நிமிர்ந்து இருப்பார்கள். 1932இல் லீ ஹோல்மன் என்ற வழக்கறிஞரைக் கட்டினார், மேடைப் பெயரில் இருக்கும் லீ அவருடைய பெயர்தான். 1935இல் ஒரு மேடை நாடகத்தால் லண்டனே அவரைப் பேசியது. 1940இல் நடிகர் லோரன்ஸ் ஒலிவியரோடு இரண்டாம் கலியாணம், 1960இல் விவாகரத்து. இதற்கு மேல் குடும்பக் கதைக்குப் போக வேண்டாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் போடக்கூடாது. அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த வாழ்க்கையை இந்தப் படம் அழகாக்கிக் காட்டுகிறது, அது பொய். இதில் “மமி” என்று கூப்பிடப்படும் அடிமைப் பணிப்பெண்ணாக நடித்த ஹற்றி மக்டானியல் ஒஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர், அந்த விருது விழாவிலேயே அவரைத் தனி மேசையில் புறம்பாக இருத்தினார்கள். அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சிக்கு அவரால் போகவே முடியவில்லை. சாதி என்றால் என்னவென்று தெரிந்த எங்கட ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, சொன்னால் போதும்.

அப்புறம் படத்தின் பாதியில் வரும் ஓர் இடம். போர் எரித்த ஊரைத் தாண்டி, விவியன் நடிக்கும் ஸ்கார்லட் வீடு வந்து சேர்கிறாள், தாய் செத்துப்போயிருக்கிறாள், தகப்பனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, வீட்டில் ஒரு சாமான் இல்லை. தோட்டத்து மண்ணைக் கிண்டி ஒரு கிழங்கைப் பிடுங்கி அப்படியே கடிக்கிறாள், ஓங்காளிக்கிறாள், விழுந்து கிடந்து எழும்பி, இனிப் பசி கிடக்கமாட்டேன் என்று வானத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணுகிறாள். மீள்குடியேற வந்து கூரையில்லாத வீட்டைப் பார்த்த சனம் முன்னால் இருக்கும், அந்த இடத்தில் கதை சொல்பவர் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. அதோடு இடைவேளை வரும். தேத்தண்ணி கொடுங்கள், அவர்கள் பேசட்டும்.

மூன்றாவது வாட்டர்லூ பிரிட்ஜ், 1940. எனக்கு விவியனின் படங்களில் இதுதான் முதலாவது, ஆனால் வன்னியில் இதைப் போட மிகக் கவனம் வேண்டும். தேநீர்க் கடை ஒன்றில் வருங்கால மாமியாருக்காகக் காத்திருக்கும் மைரா (விவியன்) பத்திரிகையை விரிக்கிறாள், செத்தவர்களின் பட்டியலில் காதலனின் பெயர் இருக்கிறது. மயங்கித் தெளியும்போது மாமியார் வந்துவிடுகிறார். அவருக்குச் செய்தி தெரியாது. மைரா அதை மறைக்கச் சிரிக்கிறாள், சம்பந்தமில்லாமல் கதைக்கிறாள், அந்த அம்மா இவளை ஒரு மாதிரிப் பார்க்கிறார். நடிப்பென்றால் என்னவென்று பெடியளுக்குக் காட்ட இந்த ஒரு காட்சி போதும். பிறகு அந்தக் காதலன் உயிரோடு ரயிலில் வந்து இறங்குவான், முடிவில் மைரா தன் உயிரைத் தானே போக்கிக்கொள்வாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இல்லாத கிராமம் எங்கே இருக்கிறது? முதல் கிழமையே அந்தத் தாய்மாரிடம் தனியாகப் போய்க் கதை முழுவதையும் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், 1941இல் ஒலிவியரோடு நடித்த தட் ஹமில்டன் வுமனைப் போடலாம், அதுவும் நல்ல படம்.

நாலாவது எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர், 1951. பெரியாட்களுக்கு மட்டும், கடைசிப் பகுதியில் பெண்ணுக்கு நடக்கும் வன்முறை இருக்கிறது. லண்டன் மேடையில் 1949இல் ஒலிவியரின் இயக்கத்தில் பிளாஞ்ச் என்ற இந்தப் பாத்திரத்தை நடித்துவிட்டுத்தான் விவியன் படத்துக்கு வந்தார், மற்ற முக்கிய நடிகர்கள், மார்லன் பிராண்டோ உட்பட, நியூயோர்க் மேடையில் ஒன்றாக நடித்துப் பழகியவர்கள். வெளியாளாக வந்து நிற்கும் அந்த நிலை பாத்திரத்துக்கும் பொருந்திவிட்டது. வெறும் பல்பின் வெளிச்சத்தில் தன் வயது தெரிந்துவிடும் என்று பிளாஞ்ச் அதற்குக் கடதாசிக் கூடு மாட்டுவதைப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்கார்லட்டாக நடித்த அதே ஆளா என்று கேட்பார்கள். இரண்டாவது ஒஸ்கார் இதற்குத்தான்.

கடைசிப் படம் 1965இல் வந்த ஷிப் ஒப் ஃபூல்ஸ், விரும்பினால் பிறகு போடலாம். 1967 ஜூலையில் 53 வயதில் லண்டன் வீட்டில் கசத்தால் இறந்தார். இன்று இலவசமாக ஆறு மாதம் குளிசை போட்டு மாற்றுகிற வருத்தம் அது, அதையும் சொல்லுங்கள். அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அங்கே இருக்கும் உங்கள் பிள்ளைகளைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம். அடுத்தது என்ன என்று ஊர் கேட்டால் நடிகை டெபோரா கெரின் பிளாக் நார்சிசஸை, 1947ஆம் ஆண்டுப் படம், எடுத்து வையுங்கள். அது கலர்ப் படம், புரொஜெக்டர் பல்ப் புதிதாக இருந்தால் நல்லது.