தை பிறந்தாச்சு, வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பூசணத்தைத் தேடுவது எப்படி?

ஐப்பசி கார்த்திகை அடைமழை, அப்புறம் மார்கழிப் பனி. மூன்று மாதம் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்த வீட்டில் பீரோவைத் திறந்தால் மக்கல் வாடை அடிப்பது டெல்டாவில் அதிசயமில்லை. ஆனால் வாடை வந்தால் எங்கோ பூசணம் இருக்கிறது என்று அர்த்தம். கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அது பெரிய பீரோவின் முதுகுப்பக்கம் கரும்பச்சையாகப் படர்ந்திருந்தது, முன்னால் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தேடிப் பிடித்த முறையை எழுதுகிறேன்.

எப்போது தேடணும்?

தை கடைசியிலிருந்து மாசி பாதிக்குள். மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அதுக்கப்புறம் வாய்க்கால் வற்றி நிலத்தடி நீர் மெல்ல இறங்கும், ஆனால் சுவருக்குள் ஈரம் இன்னும் இருக்கும். பங்குனி வெயில் வந்துவிட்டால் பூசணம் காய்ந்து வாடை அடங்கிவிடும். செத்துப்போச்சு என்று விட்டுவிடாதீர்கள், வித்துகள் அங்கேயே கிடந்து அடுத்த ஐப்பசியில் மறுபடி கிளம்பும்.

என்ன வாங்கணும்?

நல்ல டார்ச், காற்றில் உள்ள ஈரத்தைக் காட்டும் டிஜிட்டல் ஈரப்பதமானி, பாலித்தீன் தாள், அகலமான பேக்கிங் டேப், கொஞ்சம் ப்ளீச், என்95 மாஸ்க். சுவரில் ஊசி குத்தி ஈரம் காட்டும் மீட்டர் வேண்டாம் என்பேன். நம்ம பக்கச் சுவர்களில் உப்பு ஏறியிருக்கும், உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் அந்த மீட்டர் ஈரத்தைக் கூட்டியே காட்டும். தட்டில் பூசணம் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட் கிட்டும் வீண் செலவு, ஏனென்றால் வித்து எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கிறது, தட்டில் ஏதாவது முளைக்கத்தான் செய்யும்.

முதலில் மூக்கு

ராத்திரி அறையைச் சாத்தி ஃபேனை நிறுத்திவிடுங்கள். காலையில் கொல்லைப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நேராக உள்ளே வந்து, மூலை மூலையாக மோந்து பாருங்கள். சில நிமிஷத்தில் மூக்குக்கு வாடை பழகிவிடும், அதனால் வெளியூரிலிருந்து யாராவது வந்தால் அவர்களைக் கேட்பது இன்னும் நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களை மட்டும் இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

வாடை வந்த இடத்தில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத பெயிண்ட் உப்பல், புட்டி இளகல் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். பீரோ முதுகு, குளியலறைச் சுவரின் மறுபக்கம், பரண் மூலை, நெல் மூட்டை அடுக்கிய சுவர், சாமி படங்களின் பின் அட்டை, ஒன்றையும் விடாதீர்கள். தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருந்தால் கழற்றிப் பின்பலகையைப் பாருங்கள். பூசணம் இருந்தால் நீங்களே துடைக்க வேண்டாம், ஓவியம் செய்பவரிடம் கொடுங்கள். ஈரத்துணி பட்டால் சுண்ணப் பூச்சு பெயர்ந்துவிடும்.

உப்பா, பூசணமா?

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணமில்லை. விரலில் எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்து போனால் உப்பு. பூசணம் கரையாது, பிசுபிசுவென்று இழுபடும். மரத்திலோ துணியிலோ வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் பூசணம்தான், உப்பு செங்கல் காரையில்தான் பூக்கும். கறுப்புத் திட்டாக இருந்தால் ஒரு சொட்டு ப்ளீச் விட்டு ஓரிரு நிமிஷம் பாருங்கள். வெளுத்தால் பூசணம், அப்படியே நின்றால் அடுப்புக் கரியோ அழுக்கோ. கழிவறை ஆசிட் பட்ட இடத்தில் ப்ளீச் விடவே கூடாது, விஷ வாயு கிளம்பும்.

உப்புதான் என்று தெரிந்ததும் நிம்மதியாகப் போய்விடாதீர்கள். அந்தச் சுவர் வழியாகத் தண்ணீர் நடக்கிறது என்பதைத்தான் உப்பு சொல்கிறது. அதே சுவரை ஒட்டியிருக்கும் மரச்சாமான் எல்லாவற்றையும் நகர்த்திப் பாருங்கள்.

பாலித்தீன் சோதனை

பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு முழம் சதுரத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ரெண்டு நாள் விடணும். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில் ஈரம். கேட்க எளிதுதான். ஆனால் டிஸ்டெம்பர் சுவரில் டேப் மேலே ஒட்டினது மாதிரி இருந்து, ராத்திரி ஓரம் மட்டும் விட்டுக்கொள்ளும். காற்றுப் போய்வந்து உள்பக்கம் காய்ந்துவிடும், நீங்களும் சுவர் நல்ல சுவர் என்று நினைத்துப் பெயிண்ட் அடித்துவிடுவீர்கள். அதனால் டேப் ஒட்டும் இடத்தை மட்டும் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த துணியால் தூசி போகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், காலையிலும் மாலையிலும் ஓரத்தை விரலால் நீவிப் பாருங்கள். வெள்ளையடித்த பழைய சுண்ணாம்புச் சுவரில் டேப் நிற்கவே நிற்காது, அங்கே ஓரங்களில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து ஆணியடித்து இறுக்குவதுதான் வழி.

ஒரே இடத்தில் செய்யாமல் முழங்காலுக்குக் கீழே ஒன்று, தோள் உயரத்தில் ஒன்று என்று ஒட்டுங்கள். கீழே மட்டும் வியர்த்தால் தரையிலிருந்து ஏறும் ஓதம், அது பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். மேலே வியர்த்தால் மாடித் தளமோ பைப்போ ஒழுகுகிறது, கொத்தனாரைக் கூப்பிடும் முன் இது தெரிந்திருந்தால் வீண் உடைப்பு மிச்சம்.

ஈரப்பதமானி

விலை குறைந்ததே போதும், ஆனால் முதலில் சரிபாருங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகுமளவு மட்டும் தண்ணீர் சொட்டி, மீட்டரோடு ஒரு ஜிப் கவரில் ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். 75 சதவீதம் காட்டணும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். அப்புறம் அதைக் கூடத்து நடுவில் வைக்காமல் பீரோவுக்குப் பின்னால் வையுங்கள். அறை நடுவைவிட அங்கே அதிகமாகக் காட்டி, பகலிலும் 70க்குக் கீழே இறங்காமல் நாள்கணக்கில் நின்றால் அங்கே பூசணம் வளரத் தோதான இடம் இருக்கிறது.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டு ஒரு அக்கா கேட்டார்: பழைய செங்கல் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்த பிறகு ஓதம் இன்னும் மேலே ஏறுகிறதே, ஏன்? சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்டும் எமல்ஷனும் அடைத்துவிடும். போக வழியில்லாத ஈரம் மேலே ஏறும். அப்படிப்பட்ட சுவரில் பெயிண்டுக்குப் பின்னாலேயே பூசணம் இருக்கலாம், விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று கேட்கும் இடத்தைச் சுரண்டினால் தெரிந்துவிடும்.

இன்னொருவர் கண்டுபிடித்த கையோடு துடைப்பத்தால் பெருக்கித் தள்ளியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம், வித்து வீடு முழுக்கப் பறக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். பீரோவைத் திரும்ப வைக்கும்போது சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடம் விடுங்கள்.