சீன முதியவர்களிடம் மறதிநோய் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் மறதிநோய் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதே இடங்களில் சறுக்குகிறார்கள். படிவம் நிரப்புவதில் வரும் சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

சீனர் என்றாலே மாண்டரின்

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். எண்பதைத் தாண்டிய பலருக்கு வீட்டுமொழி ஹொக்கியன், தியோச்சியூ அல்லது கேண்டனீஸ். சிங்கப்பூர் அரசின் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியதே 1979-இல். அப்போது அவர்கள் பிள்ளை குட்டிக்காரர்கள்.

ஒரு தியோச்சியூப் பாட்டியை மாண்டரினில் சோதித்தபோது பக்கத்தில் இருந்தேன். நினைவையும் சிந்தனையையும் கேள்விகளால் அளக்கும் எம்எம்எஸ்இ சோதனையின் சீன வடிவில், 'நாற்பத்து நான்கு கல் சிங்கங்கள்' என்று பொருள்படும் தொடரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் 'ஸ'வும் 'ஷ'வும் மாறி மாறி வரும். தென்சீன மொழியில் வளர்ந்தவர்கள் பலருக்கு இரண்டும் 'ஸ'தான். பாட்டி ஒரு சொல்லும் விடவில்லை. உச்சரிப்புக்காக மதிப்பெண் போயிற்று. தேதியைச் சந்திர நாட்காட்டிப்படி சொன்னார். சுவர்க் காலண்டரைப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அதற்கும் பூஜ்யம். வெளியே வந்து, காலையில் வாங்கிய மீனையும் அதன் விலையையும் தியோச்சியூவில் என் சக ஊழியரிடம் மளமளவென்று சொன்னார். படிவத்திலோ 'அறிவாற்றல் குறைவு'.

மறுவாரமே மொழியை மாற்றிக் கேட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நினைவில் வைக்கச் சொன்ன பொருள்களை அவர் ஏற்கெனவே கேட்டாயிற்று. இரண்டாவது மதிப்பெண்ணையும் நம்ப முடியாது. நோயில்லாதவரை நோயாளி என்று எழுதிய ஆய்வு, உண்மையான நோயாளியையும் அந்தக் கூட்டத்தில் தொலைத்துவிடும்.

ஆகவே நாள் குறிக்கும்போதே தொலைபேசியில் கேளுங்கள்: சின்ன வயதில் என்ன பேசினீர்கள்? துணைவரோடு? பணம் எண்ணுவது எந்த மொழியில்? அந்த மொழிக்காரரையே அனுப்புங்கள். கேள்விகளை முன்கூட்டியே அந்த மொழியில் சரிபார்த்து வையுங்கள். அங்கேயே மொழிபெயர்த்தால் ஆளுக்கொரு சோதனையாகிவிடும்.

படிப்பைக் கேட்காமல் நோய் என்பது

1980-களில் ஷாங்காயில் காட்ஸ்மன், ஜாங் மிங்யுவான் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 30 மதிப்பெண் எம்எம்எஸ்இ-க்கு, எதற்கு மேல் போகாவிட்டால் நோயைச் சந்தேகிக்கலாம் என்று படிப்புவாரியாக எல்லை வகுத்தார்கள்: பள்ளியே போகாதவருக்கு 17, தொடக்கப்பள்ளி வரை போனவருக்கு 20, அதற்குமேல் படித்தவருக்கு 24. எல்லோருக்கும் 24 என்று வைத்தால், பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்கள்தான் முதலில் மாட்டுவார்கள்.

மகளை மொழிபெயர்க்க வைப்பது

வேண்டாம். பாதிப் பதில் மகளுடையதாகிவிடும்.

எண் வரிசையை நம்புவது

சொல்லும் எண்களை அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்வதும் ஒரு நினைவுச் சோதனை. சீனத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ஓரசைப் பெயர்கள். சட்டென்று சொல்லிவிடலாம் என்பதால் நீண்ட வரிசையும் நினைவில் நிற்கும். ஆங்கிலம் பேசுவோருக்கான அளவுகோலை வைத்தால், நோய் தொடங்கியவரும் தேறிவிடக்கூடும்.